ஏறாத கோடு

கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஏற வேண்டும். ஏறவில்லை.

ஆடி மாதத்து மத்தியானம். வெளியே நூல் நூலாகத் தூறல். கையில் ஆறிப்போன டீ. முதுகுக்குப் பின்னால் ஏலக்காய் வாசனை வந்தது. என் ஆராய்ச்சி வழிகாட்டி புட்டசாமி சார் வந்து நிற்கிறார் என்று அர்த்தம். எந்நேரமும் வாயில் ஓர் ஏலக்காயை அடக்கிக்கொண்டிருப்பார்.

"யாக்கே ஏர்தா இல்லா?" என்றார்.

ஏன் ஏறவில்லை என்று என்னைக் கேட்டால்? நானும் அதைத்தான் மூன்று வாரமாகக் கோட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கொத்தில்லா சார்." தெரியாது என்பதைச் சொல்லச் சொல்ல அந்தக் கன்னடச் சொல் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

"இன்னொந்து சல மாடி நோடம்மா."

இன்னொரு தடவை செய்து பார்ப்பது எனக்குச் சிரமமில்லை. அதற்கு முன்பே பதினொரு தடவை செய்திருந்தேன். பதினொரு தடவையும் கோடு மைசூர் பெங்களூர் சாலை மாதிரி நேராகக் கிடந்தது.

சார் போன பிறகு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கை சரியில்லையா, கருவி சரியில்லையா, தலையெழுத்தே சரியில்லையா? ஒன்றும் விளங்கவில்லை.

தும்மினால் உடையும் பொருள்

நான் எதை வைத்துக்கொண்டு மல்லாடினேன் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் மைசூருக்கு வந்த ஹனூர் பஸ் கதையைப் படித்த சிலர், 'அதெல்லாம் சரி, அங்கே போய் அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்தாய்?' என்று கேட்டிருந்தார்கள்.

வீட்டு பால்கனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுவரில் பதிந்திருக்கும், மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். கட்டடக்காரர்கள் அதற்குக் கேன்டிலீவர் என்பார்கள். அதே உருவத்தை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய தகடாகச் சிலிக்கனில் செய்தால் அதுதான் என் ஆராய்ச்சிப் பொருள். கண்ணுக்குத் தெரியாது. இடுக்கியால் பிடித்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவிக்குள் வைக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் பதினேழு உடைத்தேன். அதில் ஒன்று தும்மலில் போனது.

இதைத் தட்டினால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும். விறைப்பு கூடினால் வேகமாக அதிரும். மேலே பாரம் ஏறினால் மெதுவாக அதிரும். லேசர் ஒளியை அதன் மேல் பாய்ச்சி அந்த அதிர்வை எண்ணிவிடலாம். திரையில் ஊர்ந்த பச்சைக் கோடு அந்த எண்ணிக்கைதான்.

ஒரு முகத்தில் மட்டும் தங்கம் பூசியிருக்கும். கந்தகம் கலந்த சில வேதிப்பொருள்கள் அந்தத் தங்கத்தில் போய் அப்பிக்கொள்ளும். அப்பியதும் அந்த முகத்தின் தோல் மட்டும் இழுபடும். பசை தடவிய காகிதம் காயும்போது சுருண்டுகொள்ளுமே, அந்த மாதிரி. பாடப்புத்தகத்தில் இதற்குப் பரப்புத் தகைவு என்று பெயர். தகடு வளையும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வளைவதோடு நிற்குமா, தகடு விறைக்கவும் செய்யுமா? சண்டை முழுக்க அதில்தான்.

விறைக்கும் என்றால் எனக்குப் பெரிய லாபம். தண்ணீரில் துளி பூச்சிமருந்து இருந்தாலும் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அதை வைத்துச் செய்துவிடலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் ராமாபுரத்துப் பக்கம் மருந்து அடிக்காத காடு கழனி கிடையாது. அதனால் திட்டம் எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகவே ஓடியது.

கொடு என்று ஒரு பெயர்

என் பெயர் பூங்கொடி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு மைசூரில் இருப்பது லேசான காரியமில்லை. கன்னடத்தில் 'கொடி' என்றால் 'கொடுங்கள்'. சேர்ந்த முதல் நாளே ஒருத்தர், "பூங்கொடி, பென் கொடி" என்றார். அதிலிருந்து ஆய்வகத்தில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள். ஸ்க்ரூடிரைவர் கொடி. சாவி கொடி. நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இதைப் பார்த்துச் சிரிக்காமல், முதல் வாரமே என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்தவள் ரஞ்சனி.

ரஞ்சனி எனக்கு மூன்று வருட சீனியர். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார் குடும்பம். வீட்டில் தமிழ்தான். ஆனால் அவள் தமிழும் என் தமிழும் ஒன்றையொன்று பார்த்து முழித்துக்கொண்டன. அவளுக்குச் சாத்தமுது, எனக்கு ரசம். சமையல் முடிந்தது என்பதற்கு அவள் 'தளிகை ஆயிடுத்து' என்றால் நான் எங்கே, எப்போது என்று கேட்பேன். பரவாயில்லை என்பதற்கு நான் 'போச்சாது போ' என்றால் எது போயிற்று என்று அவள் கேட்பாள். இரண்டு பேரும் களைத்துப்போய்க் கன்னடத்துக்கு மாறிவிடுவோம்.

தங்கம் பூசிய தகடு விறைக்கும் என்று கண்டுபிடித்தவள் ரஞ்சனிதான்.

அவள் எழுதிய கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. தகடு ஏன் விறைக்கிறது என்பதற்கு அவள் சொன்ன காரணம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டினால் விறைக்கிறது. தங்கத்தின் தோல் இழுபட்டால் தகடும் இழுபட்ட கயிறாகி விறைக்கிறது. அதற்கு ஒரு சூத்திரமும் எழுதியிருந்தாள். தகடு நீளமாக ஆக, விளைவு பல மடங்கு பெரிதாகும் என்றது அது.

அளவீட்டையும் அழகாகச் செய்திருந்தாள். வெறும் ஆல்கஹாலை விட்டுப் பார்த்தாள், கோடு அசையவில்லை. கந்தக மருந்து கலந்த ஆல்கஹாலை விட்டாள், கோடு ஏறியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் சேர்ந்த வருடம் பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். நோட்டில் 'ஏறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

பிறகு அவள் பட்டம் வாங்கி, கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராகப் போனாள். அவள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர வேண்டும். சூத்திரம் சொன்னபடி நீளமான தகடுகளை வரவழைத்தேன். பாய்ந்து ஏறப்போகிறது என்று காத்திருந்தேன்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யார் இழுக்கிறார்கள்?

பதினாலாவது தடவையும் கோடு படுத்தே கிடந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்று நாள் அக்காவின் வீட்டில் சுருண்டு கிடந்தேன். மைசூரில் அக்ரஹாரம் என்ற பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. அக்கா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளை விரித்துப் பார்த்து, தப்பான தையல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

காய்ச்சல் விட்ட மறுநாள், வருடாந்தர அறிக்கைக்குப் படம் வரைய உட்கார்ந்தேன். மூளைக்கு வேலை தராத காரியம் என்று நினைத்துத்தான் அதை எடுத்தேன்.

சுவர் வரைந்தேன். சுவரிலிருந்து நீளும் தகடு வரைந்தேன். தோல் இழுக்கிறது என்று காட்ட அம்புக்குறி போட வேண்டும். சுவர்ப்பக்கம் ஒன்று போட்டேன். அது சரி, சுவர் பிடித்துக்கொள்கிறது. மறுமுனைக்கு வந்தேன். வெளிப்பக்கம் பார்த்து ஓர் அம்பு போட்டேன்.

போட்டுவிட்டுப் பார்த்தேன். இந்தப் பக்கம் யார் இழுக்கிறார்கள்?

அங்கே யாருமே இல்லை. அந்தரம். கயிற்றை இழுத்துக் கட்ட இரண்டு கம்பம் வேண்டும். இங்கே ஒரு கம்பம்தான் இருக்கிறது. மறுமுனை சும்மா இருக்கும் கயிற்றை யாராலும் விறைக்க வைக்க முடியாது. தோல் இழுத்தால், உள்ளே இருக்கும் சிலிக்கன் ஒரு துளி சுருங்கிக் கொடுத்து அதே அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்.

ரப்பரை எடுத்து அந்த அம்பை அழித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அழித்தேன். காகிதம் அந்த இடத்தில் பஞ்சாகிவிட்டது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் நோட்டில் நான் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. விறைக்கவே முடியாது என்றால், மூன்று வருடத்துக்கு முன் என் கண்ணெதிரே ஏறியது எது?

சார் வரைந்த படம்

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு புட்டசாமி சார் அறைக்குப் போனேன். அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"சார், இந்த முனையை யாரு இழுக்கறாங்க?"

அவர் பார்த்தார். சிரித்தார். "என்னம்மா இது, ரெவ்யூவர்ஸ் ரெண்டு பேர் ஒத்துக்கிட்ட விஷயம்" என்றார்.

"சரி சார். ஆனா யாரு இழுக்கறாங்க?"

சிரிப்பு நின்றது. எழுந்து போர்டில் சுவர் வரைந்தார். தகடு வரைந்தார். சுவர்ப்பக்கம் அம்பு போட்டார். மறுமுனைக்கு வந்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது. சாக்பீஸ் நுனி போர்டைத் தொடாமல் அரை நிமிடம் அப்படியே இருந்தது. ஏலக்காயைக் கடித்த சத்தம் கேட்டது.

"கொத்தில்லா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குப் பயமாகிவிட்டது. நமக்குத் தெரியாதது சாருக்குத் தெரியும் என்ற தைரியத்தில்தானே அத்தனை நாள் ஓட்டினேன்!

"அப்ப ரஞ்சனி பார்த்தது என்ன?" என்றார். என்னைக் கேட்கவில்லை. போர்டைக் கேட்டார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "அவளுக்கு அடுத்த மாசம் பர்மனென்ட் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ இருக்கு. அந்தக் கட்டுரைதான் அவ கையில இருக்கிற ஒரே பெரிய விஷயம். நமக்கே இன்னும் முழுசாத் தெரியாது. இன்டர்வியூ முடியட்டும். அதுவரைக்கும் அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே."

கெட்ட எண்ணத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது. சரி சார் என்று வந்துவிட்டேன்.

சிவப்பு ஸ்டிக்கர்

ஒரு வாரம் சொல்லாமல்தான் இருந்தேன். ரஞ்சனி இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. மூன்றாம் முறை, 'நீளத் தகடு எப்படிடீ, நன்னா ஏறித்தா?' என்று செய்தி அனுப்பினாள். அதற்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்தக் கட்டைவிரலைப் பார்க்கவே கூசியது.

அன்று சாயங்காலம் அக்கா தட்டில் களி போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, ஒரு வாரமா மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

"அக்கா, உன்ற ஃபேக்டரில, உனக்கு வேண்டியவ ஒருத்தி தைச்ச துணி தப்பா வந்தா என்ன பண்ணுவே?"

"ஸ்டிக்கர் ஒட்டுவேன். வேறென்ன பண்றது?"

"அவளுக்கு வேலைக்கு ஆபத்துன்னா?"

அக்கா குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "நம்ம லட்சுமம்மா துணி ஒருக்கா அப்படி வந்துச்சு. சூப்பர்வைசர் பார்க்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போயி அவ கையிலயே குடுத்தேன். 'பாரு'ன்னு சொன்னேன். அவ்வளவுதான். ஸ்டிக்கரை அவளே ஒட்டிக்கிட்டா."

"கோவிச்சுக்கலையா?"

"கோவிச்சுக்காம இருப்பாளா? நாலு நாள் பேசல. அதெல்லாம் போச்சாது. நீ சாப்பிடு, களி ஆறுது."

களியை உருட்டிக்கொண்டே முடிவு செய்தேன். சாரிடம் கேட்கவில்லை. ரஞ்சனிக்குப் போன் செய்து, "எனக்கு ஏறவே மாட்டேங்குது. சனிக்கிழமை வந்து உன் கையால ஒருக்கா செஞ்சு காட்டு" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

சனிக்கிழமை காலை

பத்து மணிக்கு வந்தாள். தலையில் சம்பங்கி வைத்திருந்தாள்.

"என்னடி, ஆத்துலே தளிகையைப் பாதியிலே விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு கோட்டை ஏத்தத் தெரியலையா நோக்கு?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவளுடைய பழைய குட்டைத் தகடுகள் இரண்டு பெட்டியில் மிச்சமிருந்தன. ஒன்றை வைத்து அவள் முறையிலேயே செய்யட்டும் என்றேன். அவள் காலத்தில் மருந்தைத் திறந்த பாட்டிலில் இருந்து எடுத்துச் சொட்டுவிடுவார்கள். அவள் போன பிறகு மூடிய குழாய் வழியாக அனுப்பும் ஏற்பாட்டுக்கு மாறியிருந்தோம். அது ஒரு வசதி என்பதற்கு மேல் அதைப்பற்றி நான் யோசித்ததே இல்லை.

முதலில் வெறும் ஆல்கஹால். கோடு அசையவில்லை.

பிறகு கந்தக மருந்து பாட்டிலைத் திறந்தாள். அழுகிய முட்டையும் பழைய பூண்டும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் அறை முழுக்கப் பரவியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் திரையைப் பார்த்தபடியே, திரும்பாமல், இடது கையை நீட்டிச் சுவரில் இருந்த ஸ்விட்சைத் தட்டினாள். எக்ஸாஸ்ட் ஃபேன் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கதவிடுக்கு வழியாக வராண்டாவின் ஈரக் காற்று உள்ளே வந்து என் கணுக்காலைத் தொட்டது. சில்லென்றிருந்தது.

கோடு ஏறியது.

"பாத்தியா?" என்றாள் ரஞ்சனி. குழந்தை மாதிரி முகம் மலர்ந்தது. "ஏறறது பார்!"

நான் கோட்டைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே பேசாமல் காபி சாப்பிடப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போயிருந்தால் அவளுக்கு அந்த இன்டர்வியூவிலேயே வேலை கிடைத்திருக்கலாம்.

"ரஞ்சனி" என்றேன். "பாட்டிலை மூடிட்டு, நாத்தம் போனதும், ஃபேனை மட்டும் போட்டுப் பார்க்கலாமா?"

"ஃபேனையா? என்னத்துக்கு?"

"சும்மா."

அவள் தோளைக் குலுக்கினாள். மருந்து படாத அந்த இன்னொரு குட்டைத் தகட்டை வைத்தோம். ஜன்னலைத் திறந்து நாற்றத்தை விரட்டி, மூடி, அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவள் தன் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கும் கூத்தையெல்லாம் சொன்னாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கோடு நேரானதும் நான் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டினேன்.

கோடு ஏறியது. அதே அளவு. அதே வளைவு.

ரஞ்சனி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஆஃப் பண்ணு" என்றாள். பண்ணினேன். கோடு மெல்ல இறங்கியது. "ஆன்." ஏறியது. "ஆஃப்." இறங்கியது. இப்படி ஐந்து முறை.

குளிர்ந்தால் சிலிக்கன் ஒரு துளி விறைக்கும். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாற்றம் வந்தால் ஃபேன் போடுவோம், ஃபேன் போட்டால் வராண்டாவின் குளிர்காற்று உள்ளே வரும், அது தகட்டைக் குளிர்விக்கும். வெறும் ஆல்கஹாலுக்கு அந்த நாற்றமில்லை. அதனால் ஃபேன் போடவில்லை, கோடும் ஏறவில்லை. வெப்பமானியோ மேஜையின் அந்தக் கோடியில், கருவிக்கு மின்சாரம் தரும் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அது சூடு குறைந்ததை உணர்வதற்குள் அளவீடு முடிந்துவிடும். என் நீளத் தகடுகளை மூடிய குழாயில் அளந்தேன். நாற்றமில்லை, ஃபேன் இல்லை, ஏற்றமும் இல்லை. நானோ நீளத்தின்மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப எல்லாம் பொய்யா?" என்றாள் ரஞ்சனி கன்னடத்தில்.

"பொய்யில்ல. தகடு நிஜமாவே விறைச்சுது. காரணம்தான் வேற."

அது ஆறுதலா, குத்தலா என்று எனக்கே தெரியவில்லை. அம்புக்குறிக் காகிதத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் பஞ்சாகிப்போன அந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இது நோக்கு எப்பத் தெரியும்?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா வச்சுண்டு, கட்டைவிரல் அனுப்பிச்சியா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சம்பங்கி ஒன்று நாற்காலியடியில் உதிர்ந்து கிடந்தது. எடுக்கவும் மனம் வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

பிறகு நடந்தது

அக்கா சொன்ன நாலு நாள் எங்கள் விஷயத்தில் ஐந்து வாரம் ஆயிற்று.

அந்தத் திங்கட்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். மேஜைமேல் ரஞ்சனியின் கடிதம் இருந்தது. தன் கட்டுரையில் பிழை இருப்பதாகப் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்றும், அதில் சாரும் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்கிறாள்.

"சொல்லாதேன்னு சொன்னேனில்ல?" என்றார் சார்.

"சொன்னீங்க சார்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நான் அந்த ஃபேன் சத்தத்தை நாலு வருஷம் கேட்டிருக்கேன்" என்றார்.

ரஞ்சனி இன்டர்வியூவுக்குப் போனாள். 'உங்கள் முக்கியமான பங்களிப்பு என்ன?' என்று கேட்டவர்களிடம் கட்டுரையைச் சொல்லி, அது ஏன் தப்பு என்பதையும் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தானா, வேறு காரணமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வேறோர் ஊரில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இந்த விஷயம் அங்கேயும் தெரியும். அவளே சொல்லியிருந்தாள்.

என் பூச்சிமருந்துக் கருவி காகிதத்தோடு நின்றுபோனது. ஆராய்ச்சியின் தலைப்பை மாற்றினோம். பரப்புத் தகைவு தகட்டை விறைக்க வைக்கவே வைக்காதா என்று தேடப் போனேன். அதிலும் குழப்பம்தான் காத்திருந்தது. வைக்காது என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. தகட்டின் மற்ற இடமெல்லாம் சுதந்திரமாகச் சுருங்கிக்கொள்ளும். சுவரில் பதிந்திருக்கும் அடிப்பகுதி மட்டும் சுருங்க முடியாது, சுவர் விடாது. அந்த இடத்தில் கொஞ்சம் இழுபறி மிஞ்சும். அதனால் விறைப்பு மிக மிகக் கொஞ்சம் மாறும். அகலமான, குட்டையான தகட்டில் அதிகம் மாறும். நீளமான தகட்டில் குறைவு. எங்கள் சூத்திரம் சொன்னதற்கு நேர் தலைகீழ். அந்த மாற்றமும் எங்கள் கருவியின் கைநடுக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும் அளவு. ஒரு நாள் தெரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் தெரியாது. இரண்டு வருடம் அதைத் துரத்தினேன். பிடித்தேனா என்று கேட்டால், இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

ஒரு கேள்வி

என் வாய்மொழித் தேர்வு ஒரு மழைநாளில் நடந்தது. ஹால் பாதி காலி. அக்கா லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் நான் பேசும்போதெல்லாம் தலையாட்டினாள். கடைசி வரிசையில் ரஞ்சனி. அழைத்திருந்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு மணி நேரம் கேட்டார். முடிவில் கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத்தில் கேட்டார். "எனக்கு ஒரே வார்த்தையில் வேண்டும். பரப்புத் தகைவால் விறைப்பு மாறுமா, மாறாதா?"

புட்டசாமி சார் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறும்" என்றேன். "ஆனால் நாங்கள் அளந்தது அதை இல்லை."

ஆங்கிலத்தில் சொன்னேன். 'வீ' என்றுதான் சொன்னேன். தேர்வாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டுக் கோப்பை மூடினார்.

எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரஞ்சனி தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் போனில்தான், அதுவும் வேலை விஷயம் மட்டும்.

"அளந்தவள் நான். தப்பா எழுதினவள் நான்" என்றாள். கன்னடத்தில் ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்தினாள். தமிழுக்கு வந்தாள். "நீ என்னத்துக்கு 'வீ'ன்னே? எந்த வீ அது? நாங்களா, நாமளா?"

கன்னடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆங்கிலத்திலும் அப்படித்தான். அங்கே சொல்லித் தப்பித்துவிடலாம். அவள் என்னைத் தப்பிக்க முடியாத மொழியில் கேட்டுவிட்டாள்.

"நாம" என்றேன்.

அவள் தன் தட்டிலிருந்த கேசரியில் பாதியை ஸ்பூனால் வெட்டி என் தட்டில் தள்ளினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.